அளபுரு மாற்றும் மறுசீராக்கக் கருவிகள்: ஒரு விமர்சனம்

ஒரு செயற்கூற்றுக்குப் புதிய அளபுரு சேர்க்கவோ, இருப்பதை நீக்கவோ, வரிசையை மாற்றவோ நேரும்போது, அதை அழைக்கும் இடங்களைத் தேடித் திருத்தித் தரும் கருவிகள் எக்லிப்ஸ், இன்டெல்லிஜே ஐடியா, ரீஷார்ப்பர் போன்ற மென்பொருள்களில் உள்ளன. நிரலின் நடத்தை மாறாமல் அதன் அமைப்பை மட்டும் மாற்றுவது மறுசீராக்கம் எனப்படும். இக்கருவிகள் அந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றின் துல்லியம் பொதுவாகப் பாராட்டப்படுகிறது. துல்லியமாக எதைச் செய்கின்றன என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

பின்னணி

இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஜான்சனின் மாணவரான வில்லியம் ஒப்டைக் 1992-இல் அளித்த ஆய்வேடு இத்துறையின் தொடக்க நூல்களில் ஒன்று. எந்த நிபந்தனைகள் நிறைவேறினால் ஒரு மாற்றம் நடத்தையைக் கெடுக்காது என்று அது வரையறுத்தது. அதே பல்கலைக்கழகத்தின் ஜான் பிரான்ட், டான் ராபர்ட்ஸ் இருவரும் ஸ்மால்டாக் மொழிக்காக முதல் முழுமையான கருவியை உருவாக்கினர். 1999-இல் வெளிவந்த மார்ட்டின் ஃபௌலரின் ‘ரீஃபாக்டரிங்’ நூல் இதைப் பரவலாக்கியது. அளபுரு சேர்த்தல், நீக்கல் என்று தனித்தனியாக இருந்தவற்றை அதன் 2018-ஆம் ஆண்டுப் பதிப்பு ஒரே தலைப்பின் கீழ்க் கொண்டுவந்தது.

எளிய ‘தேடி மாற்று’ வசதி இதற்கு ஏன் போதாது என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்குவது எளிது. நாஞ்சில் நாட்டைப் பற்றிய ஒரு கட்டுரையில் ‘குளம்’ என்ற சொல்லை ‘ஏரி’ என்று மாற்ற வேண்டும் என்று கொள்வோம். ‘குளம்’ என்று தேடினால் ‘குளத்தில்’, ‘குளத்தங்கரை’ ஆகியவை தப்பிவிடும். ‘குள’ என்று தேடினால் குளச்சல் துறைமுகமும் அகப்பட்டுக்கொள்ளும். இலக்கணம் தெரிந்தவர் இந்தப் பிழையைச் செய்யமாட்டார். மறுசீராக்கக் கருவியும் எழுத்துகளை அல்ல, நிரலின் இலக்கண அமைப்பையே படிக்கிறது. ஒரே பெயருள்ள இரண்டு செயற்கூறுகளை அதனால் பிரித்தறிய முடிகிறது. கருவியின் உண்மையான சாதனை இதுவே.

இயல்பு மதிப்பு என்னும் சிக்கல்

புதிய அளபுரு சேர்க்கும்போது கருவி நிரலரிடம் ஓர் இயல்பு மதிப்பைக் கேட்கிறது. அதை எல்லா அழைப்புகளிலும் எழுதிவிடுகிறது. இந்த ஒற்றைப் பெட்டியில்தான் சிக்கல் உள்ளது.

கற்பனையாக, குலசேகரத்தில் ரப்பர் கொள்முதல் செய்யும் ஒரு கடையின் நிரலை எடுத்துக்கொள்ளலாம். அதில் எடையையும் வீதத்தையும் பெற்று விலையைக் கணக்கிடும் செயற்கூறு ஒன்று உண்டு. ஷீட்டுக்கும் ஒட்டுப்பாலுக்கும் அதையே நாற்பது இடங்களில் அழைக்கிறார்கள். ஷீட் உலர்ந்தது, ஒட்டுப்பாலில் ஈரமும் பட்டைத் துகளும் கலந்திருக்கும். முழு எடைக்கும் விலை போடுவது சரியல்ல என்பதால் ‘உலர் விகிதம்’ என்ற மூன்றாவது அளபுரு சேர்க்கப்படுகிறது. கருவி இயல்பு மதிப்பைக் கேட்கிறது. நிரலர் 100 என்கிறார். நாற்பது அழைப்புகளிலும் 100 ஏறிவிடுகிறது. நிரல் பிழையின்றி ஓடுகிறது, சோதனைகளும் தேறுகின்றன.

நடத்தை மாறவில்லை, கருவி சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டது. ஆனால் பழைய நடத்தை தவறு என்பதற்காகத்தானே இந்த மாற்றமே தொடங்கியது. முன்பு ஒட்டுப்பால் அழைப்பில் உலர் விகிதம் என்ற தகவல் இல்லை, அவ்வளவுதான். இப்போது அங்கே 100 என்று எழுதப்பட்டிருக்கிறது. ஆறு மாதம் கழித்துப் படிப்பவர், யாரோ ஈரத்தைச் சோதித்து, முழுதும் உலர்ந்தது என்று கண்டு எழுதியதாகவே நினைப்பார். ஷீட்டுக்கு எழுதிய சரியான 100-ஐயும் ஒட்டுப்பாலுக்கு எழுதிய பொய்யான 100-ஐயும் வேறுபடுத்த வழியே இல்லை. தண்ணீருக்கும் விலை கொடுத்த கடைக்காரர் அதை ஈடுகட்ட வீதத்தைக் குறைத்தால், நன்றாக உலர்த்திக் கொண்டுவந்த சிறு விவசாயிக்கே நட்டம்.

கருவி இல்லாமல் கையால் சேர்த்திருந்தால், ஜாவா போன்ற மொழியில் தொகுப்பான் நாற்பது பிழைகளைக் காட்டியிருக்கும். எரிச்சலூட்டும் வேலைதான். ஆனால் அவை நாற்பதும் கேள்விகள்: இங்கே வருவது ஷீட்டா, ஒட்டுப்பாலா?

கருவி செய்தவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். அழைப்புகளைத் தொகுக்க முடியாத நிலையிலேயே விட்டுவைக்கும் தெரிவு ரீஷார்ப்பரில் உண்டு. எக்லிப்ஸில் பழைய செயற்கூற்றை அப்படியே வைத்து, அது புதியதை அழைக்கும்படி செய்யலாம். ஃபௌலரும் படிப்படியாக இடம்பெயரும் முறையைத் தனியே விளக்குகிறார். அளபுருவைச் சேர்ப்பதன் நோக்கமே பழைய அழைப்புகளின் தவறைத் திருத்துவது என்றால், இவற்றையே முதலில் பயன்படுத்த வேண்டும்.

கருவியின் கண்ணுக்குப் படாதவை

தன் முன் திறந்திருக்கும் நிரலை மட்டுமே கருவி திருத்தும். செயற்கூற்றின் பெயரைச் சரமாகக் கொடுத்து அழைக்கும் இடங்களையும், அமைவுக் கோப்புகளில் உள்ள குறிப்புகளையும் அது தவறவிடக்கூடும். பிறர் கணினியில் உள்ள நிரல்களோ முற்றிலும் அதன் எல்லைக்கு வெளியே உள்ளவை. முத்து அண்ணாமலையும் பிறரும் உருவாக்கிய ‘ஓப்பன் தமிழ்’ பைத்தான் நூலகத்தில், தமிழ்ச் சொல்லை எழுத்துகளாகப் பிரிக்கும் செயற்கூறு ஒன்று உண்டு. அதன் அளபுருக்கள் மாறினால், நூலகத்துக்குள் உள்ள அழைப்புகளைக் கருவி சரிசெய்யக்கூடும். அதை இறக்கிப் பயன்படுத்தும் மாணவரின் நிரல் மறுநாள் நின்றுபோகும். பொதுவில் திறந்திருப்பது வேறு, வெளியிடப்பட்டது வேறு என்று ஃபௌலர் பிரித்துக் காட்டியது இதனால்தான்.

பைத்தானில் இன்னொரு தடையும் உண்டு. மாறிகளின் வகையை அறிவிக்க வேண்டிய கட்டாயம் அங்கில்லை. ஆகவே ஓர் அழைப்பு எந்த இனக்குழுவின் செயற்கூற்றுக்குரியது என்பதைக் கருவி பல இடங்களில் ஊகிக்கவே முடியும். தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்பில் பைத்தான் வழியாக நிரலாக்கம் கற்று, நாகர்கோவில் வட்டாரப் பொறியியல் கல்லூரிகளில் ஜாவாவுக்கு வரும் மாணவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பைத்தானின் தானமைவுச் செயலுருபிலும் இதே 100 ஒளிந்துகொள்ள முடியும். ஒரு வேறுபாடு: அங்கே அது செயற்கூற்றின் தலைப்பில் ஒரே இடத்தில் இருக்கும், நாற்பது இடங்களில் சிதறியிருக்காது. அந்த அளவில் அது நேர்மையானது.

எமர்சன் மர்ஃபி-ஹில், கிறிஸ் பார்னின், ஆண்ட்ரூ பிளாக் ஆகியோரின் 2009-ஆம் ஆண்டு ஆய்வு, மறுசீராக்கங்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு கையாலேயே செய்யப்படுவதாகக் கண்டது. இதைக் கருவிகளின் தோல்வி என்று கொள்ளலாம். அளபுருவைப் பொறுத்தவரை, ஒவ்வொரு அழைப்பையும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட விரும்பும் நிரலர்களின் எச்சரிக்கையும் அதில் இருக்கக்கூடும்.