பல்லவியைப் பிடித்தவர்கள்

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் கரையேறியது. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கம் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. பல ஊர்களில் கரண்ட் வர வாரக்கணக்கானது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் பிறக்கப் பதினாறு நாள்தான் இருந்தது. கீபோர்டும் மைக்கும் இயங்காத கோயிலில், தோப்பைப் பறிகொடுத்தவர்கள் முன்னால் துதிப்பாட்டை எடுத்துக் கொடுப்பவருக்கு என்ன மிஞ்சும்? அவர் குரலும், சபைக்கு மனப்பாடமான பாட்டும்தான். தமிழ்க் கிறிஸ்தவ இசை வரலாற்றை இந்த இடத்திலிருந்து பார்க்கலாம்.

லுத்தரன் சபைகளின் ஞானப்பாட்டுகளில் பல, ஜெர்மன் மிஷனரி ஃபப்ரீசியஸ் (1711–1791) ஜெர்மன் மெட்டு கெடாமல் தமிழாக்கியவை. கடன் சிக்கலில் முதுமையில் சிறைக்குப் போனவர் அவர். கனமான பாட்டுகள், ஆனால் கண்ணி கண்ணியாக நகரும், கையில் புத்தகம் வேண்டும்.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) தந்தது வேறு: கர்நாடக இசையில் அமைந்த கீர்த்தனை. ஒருவர் சரணத்தைப் பாடுவார், சபை பல்லவியைப் பிடித்துக்கொள்ளும். எழுத்தறியாதவரும் அழுது தொண்டை அடைத்தவரும் பல்லவிக்குள் வந்துவிடலாம். 1853இல் மதுரை அமெரிக்க மிஷனின் எட்வர்ட் வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபின் அவை தஞ்சையைத் தாண்டிப் பரவின. சாஸ்திரியாரும் பாடுபட்டவர்தான்: 1820களில் புதிய மிஷனரிகளோடு மோதி வேலையை இழந்தார், சரபோஜி மன்னர் ஆதரித்தார். அந்த மோதலில் அவர் காக்க நினைத்தவற்றுள் சாதி வழக்கமும் ஒன்று. கீர்த்தனையைப் புகழ்பவர்கள் இதை மெல்ல விழுங்கிவிடுகிறார்கள்.

விழுங்காதவர் 'பரட்டை' தியாப்பிலஸ் அப்பாவு (1940–2005). மதுரை இறையியல் கல்லூரி ஆசிரியரான அவர், கர்நாடக இசை வழிபாடு யாருடையது என்று கேட்டு, நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டையே அமைத்தார். பாடுகிறவர்களே சொல்லை மாற்றிக்கொள்ளலாம் என்பது அவர் நாட்டுப்புற இசையில் கண்ட பலம். எல்லாரும் ஒரே உலையில் சமைத்து உண்பது அவர் பாட்டின் சந்தோஷம். அங்கே துயரத்துக்குக் காரணம் விதியன்று, சாதியும் பசியும். வயல்காட்டுச் சபைகளுக்கு இவரே நெருக்கமானவர் என்பது என் எண்ணம்.

கத்தோலிக்கர் பக்கம் பார்த்தால், வீரமாமுனிவர் பணியாற்றிய ஆவூரில் திருப்பலிப் பாட்டு முழுதாகத் தமிழுக்கு வர இரண்டாம் வத்திக்கான் சங்கம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாடலாசிரியர் பெர்க்மான்ஸின் ஜெபத்தோட்ட ஜெயகீதங்களோ ஒலிநாடா வழியே சபை வேலிகளைத் தாண்டின. சின்ன வரி, திரும்பத் திரும்ப: பழைய பல்லவி உத்திதான்.

ஆனால் புயலுக்கு மறுவாரம் எடுத்த எடுப்பில் கைதட்டுக் கோரஸைத் தொடங்கினால் முன்வரிசைகூட வாய் திறக்காது. முதலில் புலம்பலுக்கு இடம் வேண்டும். 150 சங்கீதங்களில், வகைவாரியாகப் பார்த்தால், புலம்பல்களே மிகுதி. 22ஆம் சங்கீதம் கைவிடப்பட்டவன் கதறலில் தொடங்குகிறது. சபை நடுவே துதிப்பது 22ஆம் வசனத்தில்தான் வருகிறது.