தாளத்துக்குள் ஒரு ஷாட்

சினிமா படிக்கும் மாணவர்கள் பயிற்சிக்காக எடுக்கும் மூன்று நிமிடப் பாடல் காட்சியில் எனக்கு மிகவும் பிடித்தது, கேமராவைத் தொடும் முன் தாளில் நடக்கும் வேலை. பாட்டைப் பல்லவி, இடையிசை, சரணம் என்று பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் எதிரே விநாடியைக் குறித்துக்கொள்கிறார்கள். நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் பாட்டில் நான்கு தட்டுக்கு 2 விநாடி. கதவு திறப்பதும் நாயகி திரும்பிப் பார்ப்பதும் அதற்குள் அடங்குமா என்று கைதட்டியே பார்த்துவிடலாம்.

படப்பிடிப்பில் பாட்டு ஸ்பீக்கரில் ஒலிக்கும். நடிப்பவர் வெறுமனே வாயசைத்தால் போதாது. குரலெடுத்தே பாட வேண்டும். அப்போதுதான் மூச்சு இழுக்கையில் தோள் உயரும், உச்சத்தில் கழுத்து நரம்பு புடைக்கும். குளோசப்பில் கேமரா இதை விடாமல் பிடித்துவிடும்.

இப்படிப் பாட்டை ஒலிக்கவிட்டு எடுப்பதில் அழகான கணக்கு ஒன்று உண்டு. விநாடிக்கு 48 ஃபிரேம் எடுத்து, 24 ஃபிரேமாக ஓட்டினால் அசைவின் வேகம் பாதியாகும். அதனால் எடுக்கும்போது பாட்டை இரட்டை வேகத்தில் ஒலிக்கவிட்டு, அதற்கு ஈடுகொடுத்துப் பாடுவார்கள். திரையில் கூந்தலும் துணியும் மெல்ல மிதக்கும். உதடு மட்டும் பாட்டோடு அச்சாகப் பொருந்தும். வேகத்தை மட்டுமல்ல, திசையையும் இப்படி மாற்றலாம். கோல்ட்பிளே இசைக்குழுவின் ‘தி சயின்டிஸ்ட்’ காணொளிக்காக அதன் பாடகர் கிறிஸ் மார்ட்டின் பாட்டையே பின்னிருந்து முன்னாகப் பாடக் கற்றார். காட்சி தலைகீழாக ஓட, உதடு நேராகப் பாடுகிறது.

கையில் செல்போனும் மனத்தில் தாளமும் இருந்தால் இவற்றையெல்லாம் செய்து பார்க்கலாம். நேரத்தை ஆளப் பழகுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி, எனக்குத் தெரிந்து வேறில்லை.