முடிவுத் தேதி இல்லாத மாத்திரை

காய்ச்சல், பல்வலி, மூட்டுவலி என்று எதற்குப் போனாலும் மருந்துக்கடைக் கவரில் மற்ற மாத்திரைகளோடு இதுவும் வந்துவிடுகிறது. “இது கேஸ் மாத்திரை. காலையில வெறும் வயித்துல ஒண்ணு” என்றபடியே கடைக்காரர் அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி உள்ளே போடுவார். பெரும்பாலும் அது பாண்டோபிரசோல் 40 மில்லிகிராம். காய்ச்சல் மாத்திரை மூன்று நாளில் தீர்ந்துவிடும். இது தீர்வதில்லை. அடுத்த மாதம் அந்த வெட்டுத்துண்டையே காட்டி இன்னொரு அட்டை வாங்குகிறவர்கள் ஏராளம். மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத மருந்து என்று அட்டையிலேயே அச்சிட்டிருப்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

மருந்தின் மீது பழிபோடுவது நியாயமாகாது. அரை நூற்றாண்டுக்கு முன் குடல்புண் முற்றினால் கத்திதான் வழி. அமிலச் சுரப்பைத் தூண்டும் நரம்பை அறுப்பார்கள், அல்லது இரைப்பையில் ஒரு பகுதியையே வெட்டி எடுப்பார்கள். மேல்வயிற்றில் நீளத் தழும்போடு வாழ்ந்த பெரியவர்களைப் பலரும் பார்த்திருப்போம். 1976இல் சிமெடிடின் வந்தது. அமிலம் சுரக்கும்படி ஹிஸ்டமின் இடும் கட்டளையை அது மறித்தது. அதை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக் 1988இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதே ஆண்டில் சுவீடனிலிருந்து ஒமிபிரசோல் விற்பனைக்கு வந்தது. இடையில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் புண்ணுக்குப் பின்னால் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். கிருமிக்கு ஆண்டிபயாடிக், புண் ஆற அமிலக் குறைப்பு என்று இரண்டு வாரம் சேர்த்துக் கொடுத்தால் பெரும்பாலோருக்குப் புண் ஆறி, திரும்ப வருவதும் நின்றது. அறுவை அரங்கில் முடிந்த ஒரு நோய் மாத்திரைக்கு வசப்பட்டது சாதாரண விஷயமல்ல.

கோளாறு பயன்படுத்தும் விதத்தில் தொடங்குகிறது. ஜெலுசில், டைஜீன் போன்ற அமில முறிகளில் இருப்பவை அலுமினியம், மக்னீசியம் ஹைட்ராக்சைடுகள். ஏற்கெனவே சுரந்து கிடக்கும் அமிலத்தை அங்கேயே முறிப்பதுதான் அவற்றின் வேலை. சில நிமிடங்களில் எரிச்சல் அடங்கும். ஒன்று மலத்தைக் கட்டும், மற்றது இளக்கும் என்பதால் இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். வெறும் வயிற்றில் குடித்தால் அரைமணி நேரத்தில் இரைப்பையை விட்டுப் போய்விடும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் இரண்டு மூன்று மணி நேரம் நிற்கும். குப்பியைக் குலுக்காமல் ஊற்றினால் மேலே நிற்கும் தண்ணீர்தான் கரண்டியில் விழும், மருந்து அடியிலேயே தங்கிவிடும்.

பாண்டோபிரசோலின் வழி வேறு. வயிற்றில் கரையாத பூச்சோடு அது குடலுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, சுற்றிவந்து இரைப்பைச் சுவரின் அமிலப் பம்புகளை அடைகிறது. இயங்கிக்கொண்டிருக்கும் பம்பை மட்டுமே அதனால் பூட்ட முடியும். பம்புகளை இயக்குவது உணவு. அதனால்தான் சாப்பாட்டுக்கு அரைமணி, முக்கால்மணி முன்பு விழுங்கச் சொல்கிறார்கள். முழுப் பலன் கிடைக்க மூன்று நான்கு நாளாகும். பிரியாணி சாப்பிட்ட ராத்திரி நெஞ்சு எரியும்போது இதைப் போட்டுக்கொண்டு படுப்பதில் பெரிய பயனில்லை. அந்த இரவுக்கு இரண்டு கரண்டி அமில முறி சிரப் போதும். காலையில் வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டுப் பதினோரு மணிவரை காபியில் ஓட்டுகிறவர்களுக்கும் பாதி மருந்து வீண்தான்.

யாருக்கு இது அவசியம் என்பதில் குழப்பமில்லை. எதுக்களிப்பால் உணவுக்குழாய் புண்ணானவர்கள், புண்ணில் ரத்தம் கசிந்தவர்கள், வயதான காலத்தில் தினமும் ஆஸ்பிரினோ வலிநிவாரணியோ எடுப்பவர்கள். ஆனால் மூன்று நாள் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் சாப்பிடுகிறவருக்கு இதை எழுத என்ன காரணம்? “மருந்து வயித்தப் புரட்டுது” என்று நோயாளி திரும்பி வரக்கூடாது என்பதைத் தவிர வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை. வரிசை வாசல்வரை நீண்டிருக்கும் புறநோயாளிப் பிரிவில் விளக்கம் சொல்வதைவிட ஒரு மாத்திரை எழுதுவது சுலபம்.

நீண்டகாலம் எடுத்தால் எலும்பு முறியும், சிறுநீரகம் போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் உலவும் பீதியையும் அப்படியே ஏற்க முடியாது. அவற்றில் பெரும்பகுதி, மாத்திரை எடுத்தவர்களுக்கு இன்னின்ன நோய்கள் அதிகம் என்று கணக்கெடுத்த ஆய்வுகளிலிருந்து வந்தவை. ஏற்கெனவே நலிந்தவர்கள்தானே அதிகம் எடுக்கிறார்கள்? 17,000க்கும் மேற்பட்டவர்களைப் பிரித்து, ஒரு பாதிக்குப் பாண்டோபிரசோலும் மறுபாதிக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் சுமார் மூன்று ஆண்டு கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. குடல் தொற்று மட்டுமே சற்றுக் கூடியிருந்தது. ஆனால் வைட்டமின் பி12 விஷயத்தில் நம்மூரில் கவனம் வேண்டும். இந்த மாத்திரையைப் போலவே சர்க்கரைக்கான மெட்ஃபார்மினும் பி12ஐக் குறைக்கக்கூடும். சைவ உணவுக்காரர் இரண்டையும் வருடக்கணக்கில் எடுத்தால் பாதம் மரத்துப்போவதற்குச் சர்க்கரையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது இன்னொன்று. 2009இல் வெளியான டென்மார்க் ஆய்வில், வயிற்றுத் தொந்தரவே இல்லாத 120 பேரில் ஒரு சாராருக்கு எட்டு வாரம் இவ்வகை மாத்திரை கொடுத்து நிறுத்தினார்கள். நிறுத்தியபின் அவர்களில் 44 சதவீதத்தினருக்கு நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் போன்ற தொல்லைகள் வந்தன. வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 15 சதவீதம்தான். அடக்கிவைத்த அமிலம் தடை நீங்கியதும் முன்னைவிடப் பெருக்கெடுக்கிறது. ‘விட்டுப் பார்த்தேன், மறுபடி எரியுது’ என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த எரிச்சல் பழைய நோயின் அடையாளமாக இல்லாமல், மருந்தே உண்டாக்கியதாகவும் இருக்கலாம். அது தெரியாததால் மாத்திரை தொடர்கிறது.

இன்னொரு ஆபத்து அவசரமானது. மேல்வயிற்று அழுத்தமும் வியர்வையும் வந்தால் சோடா குடித்து, கேஸ் மாத்திரை போட்டுப் படுத்துவிடுகிறார்கள். மாரடைப்பு பல நேரம் அப்படித்தான் தொடங்குகிறது. விழுங்கச் சிரமம், காரணமின்றி எடை குறைவது, மலம் கறுத்துப் போவது ஆகியவற்றுக்கும் மாத்திரையால் பயனில்லை, எண்டோஸ்கோபிதான் தேவை.

காரணம் இல்லாமல் நெடுநாள் எடுப்பவர் மருத்துவரைக் கேட்டு 40ஐ 20ஆக்கி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாளாக்கி நிறுத்தலாம். இடையில் எரிந்தால் சிரப் கைகொடுக்கும். முதல் சில வாரங்கள் எரியத்தான் செய்யும். ஸ்டென்ட் வைத்து ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் எடுக்கும் பெரியவர் மட்டும் இதைப் படித்துவிட்டுத் தானாக நிறுத்திவிடக்கூடாது. அவருக்கு இந்த மாத்திரைதான் ரத்தக்கசிவைத் தடுத்துக்கொண்டிருக்கிறது.