பிக்கு: யாரும் திறக்காத மாத்திரை டப்பா

ஷூஜித் சர்க்கார் இயக்கி 2015-ல் வந்த ‘பிக்கு’ இந்திப் படத்தைப் போன வாரம் மறுபடி பார்த்தேன். மலச்சிக்கலை மையமா வெச்சு, முகம் சுளிக்காம பார்க்கிற மாதிரி ஒரு முழுநீளப் படம் எடுத்தது பெரிய விஷயம்தான். பெரியவர் பாஸ்கோராக அமிதாப். தன் வயிற்று நிலவரத்தை ஆபீஸில் இருக்கும் மகளுக்கே சொல்லி அனுப்புவார். வயசானவங்க இருக்கிற வீட்டுக்காரங்களுக்கு இது மிகையே இல்லைன்னு தெரியும்.

என் குறை வேற. படம் காரணத்தை எங்கே தேடுது? அவர் பிடிவாதத்தில், சாப்பாட்டில், உட்காரும் விதத்தில். கடைசியில் கொல்கத்தாவில் சைக்கிள் மிதித்து, தெருக்கடையில் சாப்பிட்டதும் எல்லாம் சரியாகிவிடுகிறது. மனசு இளகினா குடலும் இளகும் என்கிற தத்துவம். மாத்திரை பக்கம் கதை போகவே இல்லை.

ஆதம்பாக்கத்தில் எங்க வீட்டிலும் இதே படம்தான் ரெண்டு வருஷமா ஓடிச்சு. தண்ணி குடிக்கிறதில்லை, நடக்கிறதில்லைன்னு அப்பாவையே குறை சொன்னோம். வாழைப்பழம், கடுக்காய், நிலாவாரைப் பொடி எல்லாம் பார்த்தாச்சு. ஒருநாள் டப்பாவைத் திறந்து பார்த்தேன். கால் எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின், ரத்தசோகைக்கு இரும்புச்சத்து, எலும்புக்குக் கால்சியம். மூணுமே மலத்தை இறுக்கக்கூடியவை.

குடல் சுவரில் தனி நரம்பு வலையே இருக்கு. தசையைச் சுருங்கச் சொல்லும் முக்கியமான ரசாயனம் அசிட்டைல்கோலின். அமிட்ரிப்டிலின் அதை வழிமறிக்கும். பிரஷருக்குத் தரும் வெரபமில், தசைக்குள் கால்சியம் நுழைவதைத் தடுக்கும். ரத்தக்குழாய் தளரும்போது குடலும் மந்தமாகும். டிரமடால், மார்ஃபின் போன்ற வலி மருந்துகள் குடல் நரம்புகளையே அடக்கிவிடும். மலம் நகராமல் தங்கத் தங்க, பெருங்குடல் அதிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக் கட்டியாக்கும். மார்ஃபின் தரும் தூக்கக் கலக்கம் சில நாளில் பழகிடும், மலச்சிக்கல் பழகாது. அதனாலதான் மார்ஃபின் எழுதும்போதே மலமிளக்கியும் சேர்த்து எழுதுவாங்க.

இதில் நடந்த கூத்து என்னன்னா, அப்பாவுக்கும் மாத்திரை மேல சந்தேகம் வந்திருக்கு. யார்கிட்டயும் சொல்லாம ஒண்ணை நிறுத்தி வெச்சிருந்தார். எதை? சர்க்கரைக்கான மெட்ஃபார்மினை! அது பெரும்பாலும் வயிற்றை இளக்கும் ரகம். சிக்கல் தீரவில்லை, சர்க்கரைதான் ஏறிச்சு.

எல்லா மாத்திரையையும் ஒரு தாளில் எழுதி டாக்டர்கிட்ட காட்டினோம். ஒண்ணை மாற்றினார், ஒண்ணின் அளவைக் குறைத்தார். ஒரு மாசத்தில் காலை நேரச் சண்டை ஓய்ந்தது. நாமா நிறுத்தக் கூடாது. ஆனா கேட்கலாம், கேட்கணும்.

‘பிக்கு’ இன்னமும் எனக்குப் பிடித்த படம்தான். வயசானவர் உடம்பைப் பற்றி வெட்கப்படாம பேசலாம்னு காட்டியது. ஆனா குற்றவாளியை அவர் குணத்திலேயே தேடியது. ரெண்டு வருஷம் நாங்க செய்ததும் அதேதான். அப்பாகிட்ட மன்னிப்பு கேட்டேன். “அந்த சைக்கிள் காட்சியை மறுபடி போடு”ன்னார்.