வரமா? கரமா?

கோடை விடுமுறை. வெயில் தாழ்ந்து, முல்லையாற்றுக் காற்று பழனிசெட்டிபட்டித் தெருக்களில் நுழையும் மாலை வேளை. பள்ளி இல்லாத நாளில் ஆசிரியனுக்குப் பொழுது போவது அரிது! பழைய வாட்போர்ப் படங்களை ஒவ்வொன்றாக மீண்டும் பார்க்கத் தொடங்கினேன். என்னருகே வந்தமர்ந்தார் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர். இளமையில் கம்பு சுற்றியவர். பலருக்குக் கற்றுக் கொடுத்தவர். ஊரார் அவரை ‘வாத்தியார்’ என்றே அழைப்பர்.

திரையில் நாயகனின் முகத்தையே நான் நோக்கிக் கொண்டிருந்தேன். பெரியவர் சிரித்தார்.

“தம்பி, மூஞ்சியைப் பாக்காதீங்க, காலைப் பாருங்க!” என்றார்.

பட்டம் பெற்றேன், பாடம் நடத்துகிறேன், ஆயினும் சண்டைக் காட்சியைப் பார்க்கக் கற்றது அன்றுதான்!

அன்று ஓடிய படம், பி.ஆர். பந்துலு இயக்கி 1965இல் வந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’. மருத்துவன் மணிமாறனாக எம்.ஜி.ஆர்.; கடற்கொள்ளையர் தலைவனாக நம்பியார். எரால் பிளின் நடித்து 1935இல் வந்த ‘கேப்டன் பிளட்’ என்னும் அமெரிக்கப் படத்தின் கதையைத் தழுவியது அது. காயம்பட்டவனுக்கு மருந்திட்ட குற்றத்துக்காக அடிமையாக்கப்படும் மருத்துவனின் கதை. கதையைக் கடன் வாங்கினார்கள். ஆனால் காலடியைக் கடன் வாங்கவில்லை! கார்வார்க் கடற்கரையில் இருவரும் மோதும் காட்சியை மீண்டும் பாருங்கள். ஒருவர் முன்னேற, மற்றவர் பின்வாங்குகிறார். பின்வாங்கியவர் பக்கவாட்டில் விலகி, முன்னேறியவரின் வேகத்தையே அவருக்கு எதிராக்குகிறார். தலை முதல் தாள் வரை இருவர் உடலும் தெரியும்படி கேமரா தள்ளி நிற்கிறது. காரணம் எளிது. காட்ட வித்தை இருக்கிறது. எனவே மறைக்க வேண்டிய தேவை இல்லை!

சிலம்பத்தில் கால் முதலில், கை பிறகு. உடலின் எடை எந்தக் காலில் நிற்கிறதோ அதைப் பொறுத்தது அடுத்த வீச்சு. கால் தவறினால் கம்பு தவறும். கம்பு தவறினால் மண்டை தப்பாது! இதைப் பெரியவர் திண்ணையில் நின்று நடந்தே காட்டினார். எழுபதைக் கடந்த கால்கள். எனினும் கணக்குப் பிசகவில்லை.

தோழர்களே! இங்கேதான் என் வினா பிறக்கிறது. நம் திரையில் போர் என்பது எப்போது கலையாயிற்று?

புராணப் படங்களின் போரை நினைத்துப் பாருங்கள். ஒருவன் மந்திரம் ஓதி அம்பு விடுவான். அது தீயைக் கக்கும். மற்றவன் மந்திரம் ஓதி அம்பு விடுவான். அது மழையைப் பொழியும். நிற்பவர் நின்ற இடத்திலேயே நிற்பர்! கால் அசையாது, தோள் வியர்க்காது, மூச்சு வாங்காது. எவன் வெல்வான் என்பது களத்தில் முடிவாவதில்லை. அவன் பெற்ற வரத்தில் முன்பே முடிவாகிவிட்டது. முடிந்த கணக்குக்கு எதற்குப் போர்? வரம் இருக்குமிடத்தில் வித்தைக்கு வேலை ஏது?

சிலம்பமும் உடற்பயிற்சியும் பயின்ற பி.யு. சின்னப்பா, 1940இல் வந்த மாடர்ன் தியேட்டர்ஸ் ‘உத்தமபுத்திர’னில் இரட்டை வேடம் ஏற்றார். எம்.ஜி.ஆர். தாமே இயக்கிய ‘நாடோடி மன்னன்’ 1958இல் வந்தது. அரசகதைகள்தாம்! அரண்மனையும் அந்தப்புரமும் நிறைந்தவைதாம்! எனினும் அங்கே வாளை வீசுவது மனிதன் கரம். அவன் தோற்கலாம், வழுக்கலாம், களைக்கலாம். தோற்கக்கூடியவன் வெல்லும்போதுதான் பார்ப்பவன் நெஞ்சு துள்ளுகிறது. வரம் தந்த வெற்றியைக் கண்டு மக்கள் கன்னத்தில் போட்டுக் கொண்டனர். கரம் தந்த வெற்றியைக் கண்டு கை தட்டினர். கன்னத்துக்குப் போன கை, கைதட்டலுக்கு வந்தது சிறிய மாற்றமா?

இந்தக் கருத்தை ஒரு கதையாகவே ஆக்கிக் காட்டிய படம் 1969இல் வந்த ‘அடிமைப்பெண்’. தொடக்கத்தில் வரும் வலைப்போரைப் பாருங்கள். பகைவனுக்குக் கால் ஒன்று; ஆகவே வேங்கைமலை மன்னனும் ஒற்றைக் காலிலேயே போரிடுகிறான். நிற்பதோ ஆடும் வலை. கீழே நிமிர்ந்த ஈட்டிகள். எதிரியோடு பொருதுமுன் தன் நிலையோடு பொருத வேண்டிய போர் அது! போரமைப்பின் நுட்பத்துக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அதைவிட என்னைக் கவர்ந்தது பின்னே வருவது. மன்னன் மகன் வேங்கையன், நிமிர்ந்து நிற்க இடமில்லாத தாழ்ந்த சிறையில் வளர்ந்து, கூனிப் போகிறான். பேச்சு அறியான், நிற்க அறியான். அவனுக்குப் பேச்சையும் போரையும் கற்பிப்பவள் ஜீவா என்னும் பெண். எந்தத் தெய்வமும் தோன்றி அவன் கூனைத் தடவிக் கொடுக்கவில்லை. நாள்தோறும் பயிற்சி, விழுதல், எழுதல், மீண்டும் விழுதல்! கூன் பிறவிக் குறையன்று, கூரை தந்த குறை என்று காட்டுகிறது படம். கூரையைத் தாழ்த்தியவன் எவன் என்று கேட்கவும் தூண்டுகிறது. ஆசிரியன் என்ற முறையில் சொல்கிறேன்: கல்வி குறித்து இதைவிடத் தெளிவாகப் பேசிய சண்டைக் காட்சிகளை நான் கண்டதில்லை.

குறையே இல்லையா? உண்டு. இருபது பேர் சூழ்ந்து நின்று, தம் முறை வரும்வரை காத்திருந்து அடி வாங்கும் காட்சிகள் அன்றும் உண்டு. மெதுவாகப் படம் பிடித்து விரைவாக ஓட்டிக் காட்டும் உத்தியும் உண்டு. வித்தையைப் போற்ற வேண்டியவர்கள் வித்தைக்காரனைத் தொழத் தொடங்கிய கேடும் உண்டு. ஆண்டவன் இருந்த பீடத்தில் நடிகனை அமர்த்துவது பகுத்தறிவு ஆகாது! ‘வாத்தியார்’ என்றனர் ரசிகர்கள் எம்.ஜி.ஆரை. வாத்தியாரிடம் பாடம் கேட்க வேண்டும். சூடம் காட்டக் கூடாது.

இன்றைய நிலை என்ன? கணிப்பொறி வந்தது, கூடவே வரமும் திரும்பி வந்தது! நாயகன் ஒரு குத்து விடுகிறான்; பத்துப் பேர் பனைமர உயரம் பறக்கின்றனர். நொடிக்கொரு வெட்டு, எவன் கை, எவன் கால் என்றே தெரியவில்லை. மந்திர அம்புக்கும் இந்தக் குத்துக்கும் என்ன வேறுபாடு? கருவி புதிது, கருத்து பழையது!

இன்னொன்றையும் பெரியவர் சுட்டினார். “அடிக்கிறவனைவிட விழுறவனுக்குத்தான் வித்தை அதிகம் வேணும்.” உண்மை! பத்தடி உயரத்திலிருந்து முதுகு தரையில் மோத விழுபவன் யார்? பெயர்ப்பட்டியல் ஓடும்போது நாம் எழுந்து நடந்துவிடுகிறோமே, அந்தப் பட்டியலின் கடைசி வரிகளில் வாழ்பவன். சண்டை என்பது பொய்; அதில் முறியும் எலும்பு மெய். 1959இல் சீர்காழியில் நாடக மேடையில் எம்.ஜி.ஆருக்கே கால் முறிந்தது, நாடே பேசியது. 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் நடந்த படப்பிடிப்பு ஒன்றில், கார் பாய்ந்து கவிழும் காட்சியில் சண்டைக் கலைஞர் ஒருவர் உயிரையே இழந்தார். எத்தனை நாள் பேசினோம்?

இந்திய அரசின் திரைப்பட விருதுகள் 1954இல் தொடங்கின. ‘ரிக்‌ஷாக்காரன்’ எம்.ஜி.ஆருக்குச் சிறந்த நடிகர் விருதைத் தேடித் தந்தது. 1971இல் வந்த அந்தப் படத்தில், ரிக்‌ஷாவில் அமர்ந்தபடியே அவர் சிலம்பம் சுழற்றும் காட்சியை இன்றும் மக்கள் பேசுகின்றனர். ஆனால் சண்டை அமைப்புக்கெனத் தனி விருது 2017இல்தான் வந்தது; ‘புலிமுருகன்’ படத்துக்காகப் பீட்டர் ஹெயின் முதலில் பெற்றார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருப்பு! அமெரிக்காவின் ஆஸ்கர் குழுவோ 2027இல் வெளிவரும் படங்களுக்குத்தான் இத்தகைய விருதை வழங்கப் போவதாக 2025இல் அறிவித்தது. உழைப்பைக் கண்டும் காணாதிருப்பது உலகப் பொதுநோய் போலும்!

இளைஞர்களே! பழைய படங்களை மீண்டும் பாருங்கள். முகத்தை அல்ல, காலைப் பாருங்கள்; நிற்பவனை மட்டுமல்ல, விழுபவனையும் பாருங்கள். அவன் பெயரைத் தேடிப் படியுங்கள்.

விடுமுறை முடியப் போகிறது. இப்போது எங்கள் தெருவில், மாலைதோறும் நான்கு சிறுமியர் பெரியவரிடம் காலடி பயில்கின்றனர். முதல் நாள் கம்பு தரவில்லை அவர். “முதல்ல நேரா நில்லுங்கம்மா!” என்றார்.

நிமிர்ந்தனர் நால்வரும்.