கீரிப்பிள்ளைக் கதை: நீதிக்கதையை வாசிக்கும் முறை

குழந்தைக்குக் காவல் இருந்த கீரி பாம்பைக் கொல்கிறது. அதன் வாயில் இரத்தத்தைக் கண்ட தாய், குழந்தையைக் கடித்துவிட்டது என்று எண்ணிக் கீரியைக் கொன்றுவிடுகிறாள். "ஆராயாமல் எதையும் செய்யாதே" என்று எழுதிப்போட்டுப் பாடத்தை முடிப்பது ஆசிரியர் வழக்கம். நானும் அப்படித்தான் முடித்துவந்தேன். குன்னூரில் ஒரு மாணவி, "அந்த அம்மா அப்புறம் என்ன ஆனாங்க சார்?" என்று கேட்டாள். பாடநூலில் அதற்கு விடை இல்லை.

விடை சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. அடைக்கலக் காதையில் மாடல மறையோன் கோவலனின் நற்செயல்களை அவனிடமே எடுத்துச் சொல்கிறான். அவற்றுள் ஒன்று, கீரியைக் கொன்ற பார்ப்பனிக்கு அவன் செய்த உதவி. பாம்பு வந்ததையெல்லாம் இளங்கோ விரிக்கவில்லை. கேட்பவருக்குக் கதை தெரியும் என்ற நம்பிக்கை. கணவன் அவளை விட்டு வடக்கே போகிறான்; வடமொழி வாசகம் எழுதிய ஏட்டோடு அவள் வணிகர் தெருவில் அலைகிறாள். கோவலன் அவளை அழைத்து, தானம் செய்து பாவம் நீக்கி, கணவனையும் திரும்ப அழைத்து, பொருளும் கொடுக்கிறான். பஞ்சதந்திரத்தில் இக்கதை ஆராயாத செயலுக்கு எடுத்துக்காட்டு. இளங்கோவிடம் அது, தவறு செய்தவளும் வாழ வேண்டுமே என்ற கவலையாக மாறுகிறது. அடுத்தது கொலைக்களக் காதை. அங்கே ஆராயாமல் ஆணையிடுபவன் பாண்டியன், சாகிறவன் கோவலன். இரண்டையும் இளங்கோ முடிச்சுப் போட்டுக் காட்டுவதில்லை. பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மாடலன் இதைக் கதையாகச் சொல்லவில்லை, புகாரில் நடந்ததாகவே சொல்கிறான். 1930களில் நீலகிரியில் தங்கிக் கோத்தர் மொழியை ஆராய்ந்த எமனோ, இதே கீரிக் கதையைப் பற்றி 1940-இல் ஒரு கட்டுரை எழுதினார். பழைய இந்தியக் கதை ஒன்று அண்மையில் நடந்த நிகழ்ச்சியாகச் சொல்லப்படுவதே அதன் பொருள். கோத்தர் வாய்மொழியாக அவர் திரட்டியவை 1944 முதல் 1946 வரை 'கோத்தா டெக்ஸ்ட்ஸ்' என்ற பெயரில் நூலாக வந்தன.

"ஒரு ஊரில்" என்று தொடங்கும்போது கதை யாருடையதும் இல்லை. "நம்ம ஊரில், இன்னார் வீட்டில்" என்றால் கேட்பவர் அந்த வீட்டை நினைத்துப் பார்ப்பார். இன்னார் மகள் பிறகு என்ன ஆனாள் என்றும் கேட்பார். அந்த மாணவி கேட்டதும் அதைத்தான்.