தமிழ்த் தொடரும் அடுக்குமொழியும்

தமிழிற் கணினிக்கு ஆணையிடும் மொழி பற்றிய பேச்சு பெரும்பாலும் கலைச்சொல்லோடு நின்றுவிடுகிறது. முத்தையா அண்ணாமலையின் ‘எழில்’ ஓரளவு விலக்கு. நிபந்தனையை முன்வைத்து ‘ஆனால்’ என்பதைப் பின்வைக்கும் அம்மொழி, ‘பதிப்பி’ என்னும் ஏவலையோ தொடரின் தலையில் நிறுத்துகிறது.

சார்ள்ஸ் மூர் 1970 அளவில் உருவாக்கிய ஃபோர்த்திலோ, ‘2 3 +’ என எண்கள் அடுக்கில் ஏறியபின் வினை இறுதியில் வரும். பயனிலையில் முடியும் நம் தொடருக்கு இது அந்நியமன்று. ஆயினும் ஒப்புமையை மிகைப்படுத்தலாகாது. தமிழில் வேற்றுமை உருபு சொல்லின் உறவை உணர்த்தும், ஃபோர்த்தில் உருபில்லை. அடுக்கின்மேல் எது கிடக்கிறது என்பதை எழுதுபவனே நினைவிற் சுமக்கவேண்டும். பெரிய நிரல்களில் இச்சுமை சிறிதன்று.

1992இல் அன்டன் எர்ட்லும் பேர்ன்ட் பேசனும் தொடங்கிய ஜீஃபோர்த், கருவைக் குனூ சியிலும் எஞ்சிய பெரும்பகுதியை ஃபோர்த்திலுமே எழுதியமையாற் பல பொறிகளுக்கு இடம்பெயர்கிறது. வேகத்திற்காகச் சியின் நியம எல்லையைக் கடந்து குனூ தொகுப்பியைச் சார்ந்தமை குறையெனலாம், அத்தொகுப்பியும் கட்டற்றதே.

நுரைச்சோலையில் 2011இல் சீனக் கடனுடன் இயங்கத் தொடங்கிய அனல்மின் நிலையம், அவ்வூர் மாணவனுக்கு வேலிக்கப்பாற்பட்ட பொருள். ஜீஃபோர்த்தின் மூலநிரலோ அவனது பழைய கணினியிலும் திறக்கும். ‘: கூட்டு + ;’ என்று அவன் எழுதினால், அக்கணமே ‘கூட்டு’ அம்மொழியின் சொல்லாகிவிடும்.